ஃபாலுனா, ரோரோஸா?

பழைய செப்புச் சுரங்கங்களைக் காண ஸ்வீடனின் ஃபாலுனுக்குப் போவதா, நார்வேயின் ரோரோஸுக்கா என்று பலர் தயங்குகிறார்கள். இரண்டுமே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலங்கள்.

சுரங்கம்: ஃபாலுனில் 1687-இல் நிலம் சரிந்து உண்டான பெரும்பள்ளம் சுமார் 100 மீட்டர் ஆழம், விளிம்பில் நின்றாலே மலைத்துப்போவோம். ரோரோஸின் ஓலாவ் சுரங்கம் ஊருக்கு வெளியே 13 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, வாகனம் தேவை.

ஊர்: இதில் ரோரோஸுக்கு ஈடில்லை. 1644 முதல் 1977 வரை செம்பை நம்பி வாழ்ந்த ஊர். அந்தக் காலத்து மரவீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். ஊரை ஒட்டிச் செம்பை உருக்கியபின் மிஞ்சிய கருத்த கசடு மேடுகள். வெள்ளைத் தேவாலயத்தின் கோபுரத்தில்கூடச் சுரங்கச் சுத்தியல் சின்னம். ஃபாலுனின் பெருமை, சுரங்க மண்ணில் பிறந்த செஞ்சாயம்.

குளிர்: நிலத்தடியில் இரண்டிலும் கோடையிலேயே கம்பளிச் சட்டை வேண்டும்.

ஒரே நாள்தான் என்றால் ஃபாலுன். தங்கி, தொழிலாளர் வாழ்ந்த தெருக்களில் நடக்க ரோரோஸ். என் மனம் சாய்வதும் அங்கேதான்.