மூச்சுக்காற்று கம்ப்ரசரில் ஸ்டேஜ் அழுத்தம் குறைந்தால்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கடலோர ஸ்கூபா பயிற்சி நிலையம் ஒன்றில் சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பும் பொறுப்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எங்களிடம் இருப்பது மின்மோட்டாரில் ஓடும், காற்றால் குளிர்விக்கப்படும் மூன்று ஸ்டேஜ் பிஸ்டன் கம்ப்ரசர்; அதாவது காற்றை மூன்று படிகளில் அடுத்தடுத்து அழுத்தும் இயந்திரம். வாங்கும்போது நான் வற்புறுத்திக் கேட்ட ஒரே வசதி ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் தனித்தனி கேஜ் (அழுத்தமானி). சிறிய ரக இயந்திரங்கள் பலவற்றில் இறுதி அழுத்தத்துக்கு மட்டும் ஒரு கேஜ் இருக்கும். அது சிலிண்டர் நிரம்பியதைச் சொல்லுமே தவிர, இயந்திரத்தின் உடல்நிலையைச் சொல்லாது.

எங்கள் கம்ப்ரசர் நல்ல நிலையில் ஓடும்போது, இறுதி அழுத்தம் 200 பாரைத் தொடும் வேளையில் முதல் ஸ்டேஜ் கேஜ் சுமார் 6 பாரும் இரண்டாவது சுமார் 40 பாரும் காட்டும். உங்கள் இயந்திரத்துக்கு உரிய எண்களை அதன் கையேட்டிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இறுதி அழுத்தம் ஏறும்போது ஸ்டேஜ்களுக்கு இடையிலான இடை அழுத்தங்களும் ஓரளவு ஏறும் என்பதால், ஒவ்வொரு முறையும் அதே 200 பாரில் குறித்து வைத்தால்தான் பழைய குறிப்போடு ஒப்பிட முடியும். குறைவு தெரிந்தால் முதலில் கேஜையே சந்தேகிக்க வேண்டும். அதிர்விலேயே வாழும் கருவி அது; சரியென்று உறுதியான வேறொரு கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

எந்த ஸ்டேஜின் அழுத்தம் குறைந்ததோ அதன் ஹெட்டை (வால்வுகள் உள்ள மேல்மூடியை) உடனே கழற்றிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கழற்றுவதற்கு முன் பக்கத்துக் கேஜையும் பார்க்க வேண்டும் என்பதே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒரு ஸ்டேஜ் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது, அடுத்த ஸ்டேஜ் அதில் எவ்வளவை எடுத்துக்கொள்கிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் இடை அழுத்தத்தைத் தீர்மானிக்கின்றன. ஆகவே இரண்டாவது கேஜ் இறங்கி முதல் கேஜ் ஏறியிருந்தால், இரண்டாவது ஸ்டேஜ் தனக்கு வரும் காற்றை முழுதாக வாங்கவில்லை. அதன் வால்வையும் பிஸ்டன் ரிங்கையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால், குறை முதல் ஸ்டேஜிலோ அதற்கும் முன்னால் இன்டேக் ஃபில்டரிலோ இருக்கும். முதல் கேஜ் அசையாமல் நிற்க, இரண்டாவது மட்டும் இறங்கியிருந்தால், இரண்டாவது ஸ்டேஜ் தன் வேலையைச் செய்கிறது, அது அனுப்பிய காற்று மூன்றாவது ஸ்டேஜைச் சேருமுன் வழியில் கசிகிறது என்று பொருள்.

எங்களுக்கு நேர்ந்தது இந்த மூன்றாவது வகை. சிலிண்டர் நிரம்ப வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. இரண்டாவது கேஜ் 28 பாரில் நின்றது. முதலாவது அப்படியே இருந்தது. கூலர் குழாயின் நட்டுகள், சேஃப்டி வால்வு, ஹெட்டின் இணைப்பு என எல்லா இடத்திலும் சோப்பு நீர் தடவியும் ஒரு குமிழிகூட எழவில்லை. இரண்டாவது ஸ்டேஜுக்குப் பின் காற்றிலிருந்து நீரைப் பிரிக்கும் செப்பரேட்டரில் சேரும் நீரை டிரெயின் வால்வு வழியாக வெளியேற்றும் ஹோஸ், சத்தத்தை அடக்குவதற்காக மூடிய கேனுக்குள் போகிறது. இயந்திரத்தின் இரைச்சலில் அங்கே சீறுவது காதில் விழ வாய்ப்பில்லை. இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை முழுதும் இறக்கி, ஹோஸின் நுனியைக் கேனிலிருந்து எடுத்து ஒரு மக் தண்ணீரில் வைத்துக் கட்டிவிட்டு, மீண்டும் ஓட்டினோம். டிரெயின் வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் மக்கில் குமிழிகள் இடைவிடாமல் பொங்கின. வால்வைப் பிரித்தபோது, மணலைவிடச் சிறிய துருத்துணுக்கு ஒன்று சீட்டில் பதிந்து, ரப்பர் முகத்தில் பள்ளம் போட்டிருந்தது. வால்வு கிட்டை மாற்றியதும் கேஜ் 40 பாருக்குத் திரும்பியது.

முதல் ஸ்டேஜில் குறை இருந்தால் அடையாளங்கள் வேறு. காற்றை உள்ளே இழுக்கும் சக்ஷன் வால்வின் தகடு சரியாக உட்காராவிட்டால், அழுத்திச் சூடான காற்றின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். குளிர்ந்திருக்க வேண்டிய சக்ஷன் பக்கம் சுடும், இன்டேக் ஃபில்டர் தாளில் எண்ணெய்க் கறை படியும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் கழற்றாமலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் கிராங்க்கேஸ் பிரீதரில் (எண்ணெய் இருக்கும் அடிப்பெட்டியின் காற்றுப்போக்கியில்) எண்ணெய்ப் புகை கூடும். பெல்ட் வழுக்குவதையும் சிலர் இதோடு சேர்த்துச் சந்தேகிக்கிறார்கள். வேகம் குறைந்தால் எல்லா ஸ்டேஜ்களும் ஒன்றாகவே மெதுவாவதால், நிரப்பும் நேரம் நீளுமே தவிர இடை அழுத்தம் பெரிதாக மாறாது.

காற்று எப்படியும் நிரம்பத்தானே செய்கிறது, கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று நினைப்பதை நான் ஏற்கமாட்டேன். இரண்டாவது ஸ்டேஜ் 40 பாரிலிருந்து 28 பாருக்கு இறங்கும்போது, அதே 200 பாரை எட்ட மூன்றாவது ஸ்டேஜ் ஏறக்குறைய 5 மடங்குக்குப் பதில் 7 மடங்கு அழுத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கூடுதல் சூடு எண்ணெயைக் கருக்கி வால்வுகளில் கரியாகப் படியவைக்கும். வெப்பம் எல்லை மீறினால் கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகலாம். கடைசியில் காற்றை உலர்த்திச் சுத்தமாக்கும் ஃபில்டருக்குள் நுழையும் காற்று 30 டிகிரியில் இருந்தால் ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியும், 40 டிகிரியில் சுமார் 51 கிராமும் தங்கும் என்பதால், இந்த ஃபில்டரும் கையேட்டில் சொன்ன மணிக்கணக்குக்கு முன்பே தீர்ந்துபோகும். அந்தக் காற்றை நீருக்கு அடியில் ஒருவர் சுவாசிக்கிறார்.

வால்வு மாற்றும்போது பழைய காப்பர் வாஷரையும் ஓ-ரிங்கையும் திரும்பப் போடுவதில்லை. ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்குகிறோம். அழுத்தம் இருக்கும்போது எந்த நட்டையும் தொடக்கூடாது. கசிவைக் கைவிரலால் தேடவும் கூடாது, உயர் அழுத்தக் காற்று தோலைத் துளைத்து உள்ளே போகும். பழுது பார்த்தபின் சிறிது நேரம் காற்றை வெளியே விட்டு ஓட்டி, மாதிரி எடுத்து, மூச்சுக்காற்றுக்கான ஐரோப்பிய இஎன் 12021 தரத்தின்படி கார்பன் மோனாக்ஸைடு 5 பிபிஎம்முக்குள்ளும் (பத்து லட்சத்தில் 5 பங்கு) எண்ணெய் கன மீட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள்ளும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே சிலிண்டரை இணைக்கிறோம்.

இத்தனை காலம் ஓட்டியதில் இந்த இயந்திரத்தின்மேல் எனக்கு உள்ள குறை ஒன்றுதான். அடிக்கடி பார்க்க வேண்டிய இரண்டாவது செப்பரேட்டரின் டிரெயின் வால்வை ஃபேன் கவசத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். அதைத் தொட வேண்டுமானால் கவசம் முழுவதையும் கழற்ற வேண்டும். புதிதாக வாங்குவோர் ஸ்டேஜ் கேஜ்கள் இருக்கின்றனவா என்று கேட்பதோடு, அந்த வால்வு கைக்கு எட்டுகிறதா என்பதையும் நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கவும்.