முதுமை ஆராய்ச்சிக்குப் பணம் போட்ட கதை

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர், “வயசாவதைத் தடுக்கிற ஆராய்ச்சிக்கு ஆன்லைன்ல பணம் போட்டீங்களே, அது என்னங்க ஆச்சு?” என்று கேட்டார். போனில் சொல்லி மாளாது.

திட்டம் நல்ல திட்டம்தான். கிழட்டு எலிகளுக்கு ஒரு பழைய மருந்தைக் கொடுத்து ஆயுள் கூடுகிறதா என்று பார்ப்பது. காப்புரிமை முடிந்த மருந்தில் லாபம் குறைவு, கம்பெனிகள் சீண்டாது. உறுப்பு மாற்று சிகிச்சையில் கொடுக்கும் ராப்பமைசின் என்ற மருந்தை 600 நாள் வயதான எலிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2009-லேயே வந்துவிட்டது. 90 சதவீத எலிகள் சாகும் வயதை வைத்துப் பார்த்தால் பெண் எலிகளுக்கு 14, ஆண் எலிகளுக்கு 9 சதவீதம் கூடுதல் ஆயுள். அந்த 600 நாளும் தீனி, கூண்டு, ஆள் எல்லாம் செலவுதான். அதனால் முடிவு தாமதமாவதில் எனக்கு வருத்தமே இல்லை.

என் கோபம் வேறு. படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். வெறும் இனிஷியலை ஏற்காது. கார்டில் இருப்பதுபோல அப்பா பெயரை முன்னால் போட்டேன். அன்று முதல் எல்லா மெயிலும் அப்பாவுக்குத்தான். “நூறு வயது வாழ ஆசையா?” என்று அவரைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். அவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கெழுதிய மனுஷன். நன்கொடை நோட்டைக் கண்டாலே பின்வாசல் வழியாக நழுவிவிடுவார். பெயரைத் திருத்தச் சொல்லி எழுதினேன். “விரைவில் கவனிக்கிறோம்” என்று பதில் வந்தது, அதுவும் அப்பாவுக்கே!

எலிகளைப் பற்றி எப்போதாவது ஒரு தகவல் வரும். மறுபடி பணம் கேட்கும் மெயில் மட்டும் தவறுவதில்லை.

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2015-ல் இதே மாதிரி மைட்டோசென்ஸ் என்ற இன்னொரு முதுமை ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆன்லைனில் 30,000 டாலர் கேட்டார்கள், 46,000-க்கு மேல் சேர்ந்தது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் புரதம் செய்யும் மரபணுக்கள் 13. அதில் இரண்டைச் செல்லின் உட்கருவிலிருந்தே இயங்க வைத்து, மறு வருஷமே நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். காசில்லாமல் யாரும் படிக்கலாம். அதைப் பார்த்துத்தான் நானும் இறங்கினேன்.

அப்புறம், டாலர் மாற்றுக் கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் தனி. நன்கொடைக்கான வரிச்சலுகையும் கிடையாது.

இதெல்லாம் தெரிந்தும், போடுங்கள் என்றுதான் போன வாரம் வரை சொல்லியிருப்பேன். பவானி கூடுதுறையில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்து போனைத் திறந்தால், “உங்களை ரொம்ப நாளாகக் காணோமே?” என்று அவருக்கு ஒரு மெயில். இனி என் கையிலிருந்து காலணா பெயராது.