பனையூர் எலெக்ட்ரீஷியன் அண்ணன்: நீச்சல் குள மோட்டார் வேலைக்கு 5க்கு 4

சென்னை ஈசிஆர்ல பனையூர்ப் பக்கம் எங்க வீடு. பின்னாடி 20க்கு 10 அடியில சின்னதா ஒரு நீச்சல் குளம், 1 ஹெச்பி மோட்டார். போன மாச மழைக்கு அப்புறம் மோட்டாரைப் போட்டா பத்து நிமிஷத்துல ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா சப்ளையைத் துண்டிக்கிற சுவிட்ச்) விழுந்துடும். வருஷ ஒப்பந்தத்துல குளத்தைப் பார்த்துக்கிற கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். "ஆர்சிசிபி போயிடுச்சு சார், சும்மா சும்மா விழுது"ன்னு சொல்லி, அதை விட்டுட்டு எம்சிபிங்கிற சாதா பிரேக்கர்லிருந்து டைரக்ட் கொடுத்துட்டுப் போயிட்டார். மோட்டார் ஓடுச்சு, நானும் நிம்மதியா இருந்துட்டேன். என் தப்புதான்.

மூணாம் நாள் என் ஒன்பது வயசுப் பொண்ணு தண்ணியில நின்னுக்கிட்டே ஏணியைப் பிடிச்சவ, வெடுக்குன்னு கையை எடுத்துட்டு, "அப்பா, ஏணி கடிக்குது"ன்னா. ஓடிப்போய் மெயினை இறக்கிட்டுத்தான் அவளைத் தூக்கினேன்.

அப்போ பக்கத்து வீட்டுல கொடுத்த நம்பர்தான் இந்த அண்ணன். போன்லயே முதல் வார்த்தை, "நான் வர்ற வரைக்கும் மெயினை ஏத்தாதீங்க தம்பி, குளத்துப் பக்கம் யாரும் போக வேணாம்." பத்து மணிக்கு வரேன்னவர் ஒண்ணரைக்கு வந்தார். அது ஒரு குறை.

வந்ததும் எங்க எல்லாரையும் தள்ளி நிக்க வெச்சு, ஒரு நிமிஷம் மட்டும் சப்ளை விட்டு மீட்டர் வெச்சார். மோட்டார் பாடிக்கும் எர்த் பட்டைக்கும் நடுவுல 68 வோல்ட். உடனே இறக்கி, பியூஸ் கேரியரைக் கழட்டித் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டார். "யாராவது தெரியாம ஏத்திட்டா?"ன்னு ஒரு சிரிப்பு. வேலை முடியிற வரைக்கும் அது பையிலேயேதான் இருந்துச்சு.

அப்புறம் மோட்டார் ஒயர்களைப் பிரிச்சு இன்சுலேஷனைச் சோதிக்கிற 500 வோல்ட் மெக்கர் போட்டார். கேபிள் மட்டும் தனியா பார்த்தா 100 மெகா ஓமுக்கு மேல, சுத்தம். மோட்டார் காயிலுக்கும் பாடிக்கும் நடுவுல 0.2. குறைஞ்சது 1 மெகா ஓமாவது இருக்கணுமாம். பிரிச்சுப் பார்த்தா தண்ணி மோட்டாருக்குள்ள போகாம தடுக்கிற மெக்கானிக்கல் சீல் கசிஞ்சு, தண்ணி பேரிங் வழியா உள்ள இறங்கி, காயில் மேல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. எர்த் ஒயர் முனையில இருக்கிற லக் பச்சை பிடிச்சுப் போய், அவர் விரல் பட்டதும் கையோட வந்துடுச்சு. பாடிக்கு வந்த கரண்டுக்குப் போக வேற வழியில்ல, தண்ணியைப் பிடிச்சுக்கிச்சு.

எனக்கு வயிறு கலங்கினது அடுத்ததுலதான். போர்டுல தொங்கிட்டிருந்த பழைய ஆர்சிசிபியை மாட்டி, சப்ளை கொடுத்து டெஸ்ட் பட்டனை அழுத்தினார். டக்குன்னு விழுந்துச்சு. 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சா விழுற ரகம், நல்லாவே இருக்கு. பாவம், அது அத்தனை நாளா கரண்ட் கசியுதுன்னு கத்திட்டு இருந்திருக்கு! ஓவர் லோடு, ஷார்ட்டுன்னா விழுற எம்சிபிக்கு இந்த மாதிரி கசிவு தெரியவே தெரியாதாம். புதுசு ஒண்ணு வாங்க வெச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, அவர் அதையே திரும்ப மாட்டினார். இதுக்காகவே இந்த ரிவ்யூ.

மோட்டார் ரீவைண்டிங், புது சீல், பேரிங். அப்புறம் ஏணி, கைப்பிடி, மோட்டார் பாடி எல்லாத்தையும் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயரால ஒண்ணா சேர்த்து எர்த்துக்குக் கொண்டுபோனார். தண்ணிக்குள்ள இருக்கிற லைட் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர்ல ஓடுது, அதுல பிரச்சனை இல்ல. போர்டுக்குக் கீழ நான் வெச்சிருந்த குளோரின் வாளியைப் பார்த்துத்தான் திட்டினார்: "கடல் காத்து போதாதா, இந்தப் புகை வேறயா? எந்த டெர்மினல் தாங்கும்?" இப்போ அது கார் ஷெட்ல இருக்கு.

மொத்தம் 7,400 ரூபாய், பில்லு காலண்டர் தாள்ல. எர்த் குழியோட ஓம் அளக்கிற கருவி அவர்கிட்ட இல்ல, அதுக்கு வேற ஆளைத் தேடிட்டிருக்கேன். லேட்டா வந்ததுக்கும் இதுக்கும் சேர்த்து ஒரு ஸ்டார் குறைச்சிருக்கேன். சாயங்காலம் ஆறுக்கு மேல போனை எடுக்க மாட்டார், காலையில எட்டுக்குள்ள கூப்பிட்டுடுங்க.