வெளியில் வாங்குவதா, உள்நாட்டிலேயே செய்வதா?

ஒரு நாடு தனக்கு வேண்டியதை வெளியிலிருந்து வாங்கலாம். இல்லை, உள்நாட்டிலேயே செய்துகொள்ளலாம். எது மேல் என்பது துறைக்குத் துறை மாறும்.

கனிமம், எரிபொருள் போன்ற முதல்நிலைத் துறையில் பல நாடுகளுக்குத் தேர்வே கிடையாது. ஜப்பான் எண்ணெயை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் யாரிடம் வாங்குகிறோம் என்பது முக்கியம். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 40 சதவீதம் ரஷ்யாவுடையது. அடுத்த ஆண்டு உக்ரைன் போர் வந்ததும் விலை எகிறியது. சேவைத் துறையில் இந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. மென்பொருளுக்குக் கப்பல் வேண்டாமே.

உற்பத்தித் துறைதான் உண்மையான இழுபறி. கணினி, கைபேசி, கார் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கும் மின்னணுச் சிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிநவீன சிப்புகளில் பெரும்பகுதி தைவானில் தயாராகிறது. வாங்கினால் செலவு குறைவு, தரமும் உறுதி. ஆனால் 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் பல நாடுகளில் கார் ஆலைகள் முடங்கின. அப்புறம்தான் அமெரிக்கா விழித்துக்கொண்டு, உள்நாட்டுச் சிப் துறைக்காக 2022-இல் சட்டம் போட்டு ஏறக்குறைய 5,270 கோடி டாலர் ஒதுக்கியது. பாதுகாப்பு கிடைக்கும், சரி, விலை கூடும். தவிர, இதைத் தன்னிறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆலை அமெரிக்காவில் இருந்தாலும், அதிநவீன சிப்புக்கான இயூவி இயந்திரத்தை, அதாவது புற ஊதா ஒளியால் சிப்பில் நுண்ணிய சுற்றுகளைப் பதிக்கும் இயந்திரத்தை, விற்பது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே. அதில் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிகளோ ஜெர்மனியிலிருந்து வருகின்றன.