நெட்டில் பிரிண்டர் சர்வீஸ் நம்பர் தேடுகிறீர்களா? 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை இது

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இங்க் டேங்க் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் மட்டுமாவது கடைசி வரை படித்துவிடுங்கள்.

நான் குரோம்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஆறாவது முதல் பத்தாவது வரை பதினெட்டுப் பிள்ளைகள். வாரத்துக்கு நூறு பக்கமாவது ஒர்க்‌ஷீட் அடிக்க வேண்டியிருக்கும். ஜெராக்ஸ் கடைக்கு அழுது மாளவில்லை என்றுதான் மூன்று வருடம் முன்னால் பிரிண்டர் வாங்கினோம். குறை சொல்ல முடியாது, நன்றாகவே உழைத்தது. இந்த மே மாதம் ஐந்து வாரம் ஊருக்குப் போய்விட்டோம். கிளம்புகிற அவசரத்தில் "எதுக்கு சும்மா லைட்டு எரியுது" என்று மாமியார் பிரிண்டரைச் சுவரில் இருக்கும் சுவிட்சிலேயே அணைத்துவிட்டார். அதுவும் அடித்து முடித்த அடுத்த நிமிடம். அதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.

ஜூனில் வந்து அடித்தால் கறுப்பு எழுத்தெல்லாம் நடுவில் வெள்ளைக் கோடு விழுந்து வருகிறது. நாஸில் செக் பக்கத்தை, அதாவது இங்க் வரும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பக்கத்தை, அடித்துப் பார்த்தேன். படிக்கட்டு மாதிரி வர வேண்டிய கறுப்புக் கோடுகளில் பாதியைக் காணோம். சரி, ஹெட் கிளீனிங் (இங்க்கைத் தாளில் தெளிக்கிற ஹெட்டை மெஷினே சுத்தம் செய்துகொள்வது) கொடுப்போம் என்று கொடுத்தேன். கொஞ்சம் தேறியது. இன்னொன்று கொடுத்தேன். அப்புறம் இன்னொன்று. ஒரே சாயங்காலத்தில் எட்டு முறை கொடுத்திருப்பேன், என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். எட்டாவதோடு இரண்டு சிவப்பு விளக்கும் மாறி மாறி மின்ன ஆரம்பித்தன. கம்ப்யூட்டர் திரையில், இங்க் பேடின் ஆயுள் முடிந்துவிட்டது, சர்வீஸைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு செய்தி. அதற்கு மேல் ஒரு பக்கம்கூட அடிக்கவில்லை.

மறுநாள் எட்டாம் வகுப்புக்கு டெஸ்ட். பதற்றத்தில் போனை எடுத்து பிராண்டின் பெயரோடு "சர்வீஸ் சென்டர் குரோம்பேட்டை" என்று தேடினேன். முதலில் வந்த எண்ணை அழுத்தினேன். கம்பெனி லோகோ இருந்தது, நாலரை ஸ்டார் இருந்தது, வேறு என்ன வேண்டும்? ஒரு பெண் எடுத்தார். "கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் மேடம், மாடல் நம்பர் சொல்லுங்க, விசிட் சார்ஜ் 350" என்றார். இரண்டு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, பாக்கெட்டில் லோகோ போட்ட டீ ஷர்ட். மாமியார் காபியே போட்டுக் கொடுத்தார்.

அவர் செய்த வேடிக்கையைச் சொல்கிறேன், யாராவது உங்கள் வீட்டில் இதைச் செய்தால் தெரிந்துகொள்ளுங்கள். மூடியைத் திறந்தார், ஹெட்டை நடுவில் இழுத்து நிறுத்தினார், ஒரு டிஷ்யூவை மடித்து அதற்கு அடியில் வைத்து ஒரு ஒத்து ஒத்தினார். நாலு நிறமும் அதில் குழம்பி வந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "பாருங்க மேடம், இங்க் லீக் ஆகுது, ஹெட் போயிருச்சு, போர்டுக்கும் இறங்கியிருக்கும்" என்றார். எனக்கு வயிற்றைப் புரட்டியது. பத்தாயிரம் சொச்சம் கொடுத்து வாங்கிய மெஷின் ஆச்சே. பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, இங்க் ஓடுகிற எந்த ஹெட்டுக்கு அடியில் டிஷ்யூவை வைத்தாலும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டு வரும். வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டுமாம்.

6,200 ரூபாய் என்றார். பேரம் பேசி 4,800-க்கு இறக்கினேன், ஏதோ சாதித்த மாதிரி சந்தோஷம் வேறு. மெஷினை எடுத்துப் போக 3,000 முன்பணம் கேட்டார். யுபிஐயில் அனுப்பியபோது கம்பெனி பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். "அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர் மேடம்" என்றார். கையால் எழுதிக்கூட ஒரு ரசீது வாங்கி வைக்கவில்லை. பிரிண்டரைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் என்றவர் ஒன்பதாவது நாள் கொண்டுவந்தார். நாஸில் செக் சுத்தமாக வந்தது. மீதி 1,800 கொடுத்தேன், "புது ஹெட், ஆறு மாசம் கேரண்டி" என்று எழுதி ஒரு பில் கொடுத்தார். டேங்க் எல்லாம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. கொடுத்தனுப்பும்போது கறுப்பு கால்வாசிதான் இருந்தது, பரவாயில்லை, நல்ல மனுஷன் என்று நினைத்தேன். என்ன சொல்ல.

மூன்று வாரம் ஓடியது. நிறங்கள் மட்டும் வெளுத்த மாதிரி இருந்தன, பச்சையில் அடித்த மேப் பாசி நிறத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் மேசையைத் துடைக்கப் போன மாமியார் சத்தம் போட்டார். பிரிண்டருக்குக் கீழே கறுப்பாக ஒரு குளம். மாமனார் காலத்துத் தேக்கு மேசை அது. இங்க் இழைக்குள் இறங்கி ஓரம் வரை ஓடி, கீழே இருந்த ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் கட்டில் சொட்டியிருந்தது. அந்த எண்ணுக்கு அடித்தால் சுவிட்ச்டு ஆஃப்.

அப்புறம்தான் புத்தி வந்து, பிரிண்டரை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்துக் கட்டிக்கொண்டு டிரெயினில் பார்க் ஸ்டேஷன் வரை போய், அங்கிருந்து ஆட்டோவில், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை, வயதான ஒரு அண்ணன். அவர் பிரிண்டரைத் தொடும் முன் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை தடவை கிளீனிங் குடுத்தீங்கம்மா?"

பின்பக்கம் ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு சின்னப் பெட்டியை வெளியே எடுத்தார். உள்ளே பஞ்சு, திரையில் வந்த 'இங்க் பேடு' இதுதான். கருப்பட்டிப் பாகில் ஊறப்போட்ட ரொட்டி மாதிரி இருந்தது, விரலால் அமுக்கினால் இங்க் வழிகிறது. விஷயம் இதுதான். ஒவ்வொரு ஹெட் கிளீனிங்கின்போதும் ஒரு சின்ன பம்ப் ஹெட்டிலிருந்து இங்க்கை உறிஞ்சி இந்தப் பஞ்சில் கொண்டுபோய் விடுகிறது. எவ்வளவு விட்டிருக்கிறது என்று மெஷின் உள்ளே ஒரு கணக்கு வைத்துக்கொண்டே வரும். கணக்கு நிறைந்தால், வழிந்துவிடக் கூடாது என்பதற்காக அதுவே நின்றுவிடும். மூன்று வருடக் கணக்கு விளிம்பில் நின்றிருக்கிறது, என் எட்டு கிளீனிங் அதைத் தள்ளிவிட்டது. செய்ய வேண்டியது பஞ்சை மாற்றிவிட்டுக் கணக்கைப் பூஜ்ஜியமாக்குவது. நம்ம ஆள் பஞ்சைத் தொடவே இல்லை. ஏதோ ஒரு மென்பொருளை ஓடவிட்டு ரீசெட் மட்டும் செய்திருக்கிறார். மெஷின் பஞ்சு காலியாக இருப்பதாக நம்பிக்கொண்டு மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது.

புது ஹெட்டா? அண்ணன் டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களின் தலையில் மூன்று வருடத் தூசி காய்ந்த இங்க்கோடு சேர்ந்து படிந்திருந்தது, ஸ்க்ரூடிரைவர் பட்ட தடமே இல்லை. டேங்க்கில் இருந்ததும் கம்பெனி இங்க் இல்லை, லிட்டர் கணக்கில் விற்கிற மலிவு சரக்கு. பேடு, டேங்க் சுத்தம் செய்தது, கூலி எல்லாம் சேர்த்து 1,150 வாங்கினார். இங்க் பாட்டில் தனி. முதலில் அடைத்திருந்தது வெறும் காய்ந்த இங்க், ஒன்பது நாள் அங்கே ஊறிக் கிடந்ததில் தானாகவே கரைந்திருக்கலாம் என்றார்.

சுவர் சுவிட்ச் விஷயமும் அவர் சொன்னதுதான். பிரிண்டரில் இருக்கும் பட்டனை அழுத்தி அணைத்தால், ஹெட் வலது ஓரம் போய் ரப்பர் மூடியில் உட்கார்ந்துகொண்ட பிறகுதான் விளக்கு அணையும். கரண்டைப் பிடுங்கினால் சில சமயம் ஹெட் பாதி வழியில் திறந்தே நின்றுவிடும், பேனாவை மூடாமல் வைத்த கதைதான். (மாமியாரிடம் இதை நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.) வாரத்துக்கு ஒரு பக்கமாவது எல்லா நிறமும் வருகிற மாதிரி அடிக்க வேண்டும். இரண்டு மூன்று கிளீனிங்கில் சரியாகவில்லை என்றால் அதோடு நிறுத்தி, பட்டனில் அணைத்து, ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மறுநாள் நாஸில் செக் பார்க்க வேண்டும், காய்ந்த இங்க் ஊறி இளகிக் கொடுக்கும். வீடியோ பார்த்துவிட்டு ஊசியில் கண்ட திரவத்தை ஏற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அந்த பில்லை நிதானமாகப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண் 33 என்றுதான் தொடங்குகிறது, தமிழ்நாட்டுக்கான எண். ஆனால் எண்ணிப் பார்த்தால் பதினாலு எழுத்துதான் இருக்கிறது, பதினைந்து இருக்க வேண்டும். ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் எண்ணைப் போட்டுக் கடையின் பெயரைப் பார்க்கலாம், காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை, நான் செய்யவில்லை. கம்பெனியின் உண்மையான டோல் ஃப்ரீ எண் பெட்டியில் வந்த கையேட்டில் இருந்தது. அவர்களிடம் கேட்டால், அந்த நம்பருக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்கிறார்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் பில்லில் முகவரியே இல்லை, யார் மேல் போடுவது? சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அடித்தேன். பணம் போனதும் உடனே சொல்லியிருந்தால் அந்தக் கணக்கில் நிறுத்தி வைக்க முயற்சி செய்யலாம், ஒரு மாதம் கழித்துப் போனால் கஷ்டம்தான்.

நேற்று சும்மா மறுபடி தேடிப் பார்த்தேன். அதே லோகோ, கடைப் பெயர் வேறு, எண் வேறு, இந்த முறை பல்லாவரம் என்று போட்டிருந்தது. அடித்தேன். அதே குரல். "கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் மேடம், மாடல் நம்பர் சொல்லுங்க, விசிட் சார்ஜ் 400."