ஃபாஸ்டவால்: ஆட்டம் எழுதுகிறவர்களை நம்பி டிக்கெட் எடுக்கலாம்

டென்மார்க்கில் ஈஸ்டர் விடுமுறையில் நடக்கும் ஃபாஸ்டவால் என்ற ரோல்பிளே மாநாட்டுக்குப் போகலாமா என்று கேட்கும் நண்பர்களிடம், அங்கே ஆட்டங்களை எழுதுகிறவர்களுக்காகப் போங்கள் என்றுதான் சொல்வேன். வகுப்பறையில் மெத்தை விரித்துப் படுப்பது, இரவு வெகுநேரம் ஓயாத பேச்சுச் சத்தம் எல்லாம் இரண்டாம் நாளே பழகிவிடும்.

ரோல்பிளே என்றால் ஆளுக்கொரு பாத்திரமாகி, அந்தந்த நேரத்தில் தோன்றுவதைப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம். இந்த மாநாடு 1986-இல் ஓர்ஹூஸ் நகரில் தொடங்கியது. இப்போது ஹோப்ரோ என்ற சிறிய ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தை மையமாக வைத்து ஐந்து நாள் நடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் இதற்கென்றே இருபதுக்கும் மேற்பட்ட புதிய சீனாரியோக்கள், அதாவது ஆட்டத்துக்கான கதைப் பிரதிகள், எழுதப்படுகின்றன. பெரும்பாலானவை நாலைந்து பேர் ஆட, ஒருவர் நடத்த, சில மணி நேரத்தில் ஒரே அமர்வில் தொடங்கி முடிபவை. யார் யாராக ஆடப்போகிறோம் என்பதையும் எழுதியவரே தீர்மானித்துத் தாளில் கொடுத்துவிடுவார்.

எழுதியவர் பெரும்பாலும் அந்த அறையில் இருக்கமாட்டார் என்பதுதான் இதில் முக்கியம். ஒரே சீனாரியோவை ஒரே நேரத்தில் பல அறைகளில் பல பேர் நடத்துகிறார்கள். விருப்பப்பட்டு முன்வந்தவர்கள்தான், ஆனால் எழுதியவரின் மனதில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் தாளில் இருந்தாக வேண்டும். நான் கல்லூரியில் மேடை நாடகங்களுக்கு எழுதியவள். அங்கே நடிகர் என்ன பேசுவார் என்பது என் கையில் இருந்தது. இங்கே ஒரு வசனத்தைக்கூட எழுதி வைக்க முடியாது. வசனம் தானாகப் பிறக்கிற நெருக்கடியைத்தான் எழுத வேண்டும். அது எவ்வளவு கடினம் என்று தெரிந்ததால்தான் இவர்கள்மேல் எனக்கு இத்தனை மரியாதை.

நான் ஆடிய ஒன்றைச் சொல்கிறேன். அம்மா இறந்தபின் வீட்டைக் காலிசெய்ய வரும் நான்கு பிள்ளைகளின் கதை. எனக்கு மூத்த மகள் பாத்திரம். தாள் ஒரே பக்கம். வயது, தொழில், தோற்றம் எதுவும் அதில் இல்லை. மற்ற மூவரைப் பற்றி ஆளுக்கு இரண்டு வரி: அவர்களுக்காக அவள் செய்தது, அதை அவர்கள் மறந்த விதம். அடியில் ஒரு கேள்வி: யாரிடமும் கேட்காமல் நீ எடுத்துக்கொள்ளப் போகும் பொருள் எது?

தையல் மெஷின் என்று நான் முடிவுசெய்திருந்தேன். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தம்பியாக ஆடியவரோடு அதற்காகச் சண்டை முற்றிவிட்டது. அதற்கு முன் அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. முடிந்தபின் அவருடைய தாளை வாங்கிப் படித்தேன். என் தாளில் 'அவன் படிப்புக்குப் பணம் அனுப்பினாய்' என்று இருந்தது. அவர் தாளில் 'அனுப்பிய பணத்துக்கு அக்கா கணக்குக் கேட்டாள்' என்று இருந்தது. அத்தனை நேரச் சண்டையும் அந்த இரண்டு வரிக்கு நடுவிலிருந்துதான் வந்தது.

நடத்தியவரின் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தேன். யாருக்கு எந்தப் பாத்திரத்தைக் கொடுக்கலாம், நேரம் போதாவிட்டால் எந்தக் காட்சியை விடலாம் என்றெல்லாம் தெளிவாக இருந்தது. சாப்பாட்டு மேசைக் காட்சிக்குப் பக்கத்தில், 'யாராவது மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் அங்கேயே காட்சியை வெட்டிவிடுங்கள்' என்று ஒரு குறிப்பு. எழுதத் தெரிந்தவர் கை அது.

வேறொரு நாட்டில் நான் போன மாநாடு ஒன்றில், கற்பனை ராஜ்ஜியத்தின் வரலாற்றை நடத்துபவர் முக்கால் மணி நேரம் வாசித்துக்கொண்டே இருந்தார். நாங்கள் வாய்திறக்கவே இல்லை. அவரைக் குறைசொல்ல முடியாது, அவர் கையில் கொடுத்த எழுத்து அப்படி.

அமெரிக்காவில் 1975-இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் என்ற ஆட்ட மாநாட்டுக்கு, 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ரோல்பிளே ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் ஒரு கல்லறைச் சாகசம் எழுதினார். பொறிகள் நிறைந்த அந்தக் கல்லறையில் எந்த அணி எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கிறது என்பதுதான் அங்கே போட்டி. ஹோப்ரோவில் மதிப்பிடப்படுவது எழுதியவர். பாத்திரங்கள், கதை, உத்திகள், எடுத்துச்சொல்லும் விதம் என்று தனித்தனியாக விருது உண்டு. ஓட்டோ என்று பெயர், பொன்நிறப் பெங்குவின் சிலை. எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பல மாதங்களுக்கு முன்பே கதைச்சுருக்கம் கொடுத்து, தேர்வாகி, நண்பர்களை வைத்து ஆடிப்பார்த்து, திருத்தித் திருத்தி எழுதுகிறார்கள். நடுவர்கள் தாளோடு நிற்பதில்லை, அது ஆடப்பட்டபோது என்ன ஆனது என்றும் விசாரிக்கிறார்கள். இந்த வழக்கம் எல்லா மாநாடுகளுக்கும் வர வேண்டும்.

பகடை உருட்டி அரக்கனோடு மோதுவதுதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இங்கே குறைவாகவே கிடைக்கும். விவாகரத்து, நோய், துக்கம் மாதிரி விஷயங்கள் நிறைய வரும். நகைச்சுவையும் உண்டு, ஆனால் முன்பதிவுக்கு முன் அறிமுகக் குறிப்பை முழுவதும் படித்துவிடுங்கள். மொழியையும் பாருங்கள்: ஆங்கிலத்தில் நிறைய கிடைக்கின்றன, எல்லாமே அல்ல.

பயணம் முடியாதவர்கள் அலெக்சாண்ட்ரியா என்ற டேனிஷ் இணையக் காப்பகத்தைத் தேடுங்கள். பழைய சீனாரியோக்கள் ஏராளம், இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். முதல் தடவைக்கு நான்கு பேர் ஆடுகிற, மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற ஒன்றை எடுங்கள். நடத்துபவர் மட்டும் முழுவதையும் இரண்டு முறை படிக்கட்டும். மற்றவர்கள் தங்கள் பாத்திரத் தாளைத் தவிர எதையும் பார்க்க வேண்டாம்.