புகையா, சீனித் தண்ணீரா: பெட்டியைத் திறக்கும் முன்

பினாங்கின் பாலிக் புலாவில் வீட்டுக்குப் பின்னால் நான்கு தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். ஒன்றில் கெலுலுட், அதாவது கொசுத் தேனீ. அதற்குக் கொடுக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான், அமைதிப்படுத்தப் புகையும் வேண்டாம், சீனித் தண்ணீரும் வேண்டாம். தலைமுடிக்குள் புகுந்து கடிக்காமல் இருக்கத் தொப்பி போட்டால் போதும். மற்ற மூன்றிலும் அடுக்குத் தேனீ. என் பாடெல்லாம் அதோடுதான்.

முதலில் புகை. துருத்தி வைத்த டின் போன்ற புகைப்பானில் நாரோ சாக்கோ கனலவிட்டு, துருத்தியை அமுக்கிப் புகை விடுவது. தேனீ கொட்டும்போது ஓர் ஆபத்து வாசனையையும் விடும். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் பாய்ந்து வரும். அந்த வாசனையில் முக்கியமான பொருள் ஐசோபென்டைல் அசிடேட், பழுத்த வாழைப்பழம் மணப்பதும் இதனால்தான். பெட்டி திறக்கும் நாளில் நான் வாழைப்பழம் தொடுவதில்லை. வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். புகை பட்டால் தேனீயின் உணர்கொம்பு இந்த வாசனைக்குக் கொஞ்ச நேரம் மந்தமாகிவிடும், 10 முதல் 20 நிமிடத்தில் பழையபடி திரும்பும். போதாததற்கு, தீ வந்துவிட்டது என்று நினைத்துத் தேனை வயிறு முட்டக் குடிக்கப் போய்விடும். அதனால் வாசலில் புகை விட்ட உடனே மூடியைத் தூக்காமல் ஒன்றிரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.

சீனித் தண்ணீர் வேறு மாதிரி. சீனியும் தண்ணீரும் சம அளவில் கரைத்து, தெளிப்பானில் ஊற்றி, தேனீ அடை கட்டும் மரச் சட்டத்தின் மேல் லேசாக அடிப்பது. இறக்கை நனைந்த தேனீ பறக்காமல் தன்னையும் பக்கத்தில் உள்ளதையும் நக்கிக்கொண்டிருக்கும். நெருப்பு இல்லை, கண் எரியாது, தேனில் புகை வாடை ஏறாது. வீடுகள் ஒட்டியிருக்கும் தாமானில், அதாவது குடியிருப்பில், இதுவே நல்லது, குப்பை எரிப்பதாக அக்கம்பக்கம் சண்டைக்கு வராது. ஆனால் ஒரு தேனீ கொட்டிவிட்டால் அந்த வாசனையை இது மறைக்காது. சிந்திய சீனிக்கு எறும்பு வரும், பக்கத்துப் பெட்டித் தேனீ திருட வரும். எனக்கு இரண்டும் நடந்தது. எறும்பை விரட்டப் பெட்டிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன்.

சரி, அப்படியானால் புகைதான் என்கிறீர்களா? ஆமாம், ஆனால் கொஞ்சமாக. புத்தகங்களில் உள்ள அளவு பெரும்பாலும் இத்தாலியத் தேனீக்குச் சொன்னது. அடுக்குத் தேனீ பயந்த சுபாவம். புகை கூடினால் அடையை விட்டு மூலைக்கு ஓடிக் கொத்தாகத் தொங்கும், அந்தக் கொத்துக்குள் ராணியைத் தேடுவது பெரும்பாடு. அடிக்கடி இப்படித் தொந்தரவு செய்தால் கூட்டமே பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போகும். முதல் வருடம் துருத்தியைச் சும்மா அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஒரு பெட்டியில் வெறும் அடைதான் மிஞ்சியது. இப்போது வாசலில் இரண்டு அமுக்கு, மூடிக்கு அடியில் ஒன்று, அவ்வளவுதான்.

எரிக்கும் பொருளிலும் வித்தியாசம் உண்டு. முட்டை அட்டை சட்டென்று பற்றி, சட்டென்று தீர்ந்துவிடும். கோணிச் சாக்கு நன்றாகப் புகையும், ஆனால் உரமோ பூச்சி மருந்தோ இருந்த சாக்கு கூடவே கூடாது. என் கைக்குப் பழகியது காய்ந்த தேங்காய் நார்தான். மெதுவாகக் கனன்று வெள்ளைப் புகை தரும், இந்தப் பக்கம் காசு கொடுக்காமலே கிடைக்கும். மழைக்காலத்தில் மட்டும் ஈரம் ஏறாமல் டின்னில் மூடி வைக்க வேண்டும். பெட்டிக்குக் காட்டும் முன் புகையை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பேன். சுட்டால் நாருக்கு மேல் ஒரு பிடி பச்சைப் புல் வைப்பேன்.

தெளிப்பானை ஒரேயடியாக ஒதுக்கவில்லை. புதிதாகப் பிரித்த சின்னக் கூட்டத்துக்கும், ஒரே ஒரு சட்டத்தை எட்டிப் பார்க்கும் நாளுக்கும் அதுதான், சீனி இல்லாமல் வெறும் தண்ணீரோடு.

வேலை முடிந்ததும் புகைப்பானின் மூக்கில் புல்லை அடைத்து வைக்கிறேன். காற்றில்லாமல் தானே அணையும், கருகிய மிச்ச நார் அடுத்த முறை ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும்.